விளக்கைக் காத்தவர்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என் வீடு தேடி வந்து, "கப்பலில் வேலை பார்த்து நாடு நாடாகச் சுற்றியவர் நீங்கள். கண்டவற்றில் ஒன்றை எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பெரிய துறைமுகங்களைப் பற்றிச் சொல்லலாம். வானளாவிய கட்டடங்களைப் பற்றிச் சொல்லலாம். அவற்றையெல்லாம் இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். ஆகவே, ஒரு சிறிய ஊரில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் அங்கே கேட்ட ஒரு செய்தி, பொன்விழாக் கொண்டாடும் நமக்கு மிகவும் வேண்டிய செய்தி என்பது என் எண்ணம்.

அது கலங்கரை விளக்கத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம். 'கலங்கரை விளக்கம்' என்பது எவ்வளவு அழகான சொல் என்று எண்ணிப் பாருங்கள். கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோம் அல்லவா? கலத்தைக் கூவி அழைக்கிற விளக்கு அது. சிலப்பதிகாரம் புகார்க் கடற்கரையைக் காட்டும்போதே இந்தச் சொல் வந்துவிடுகிறது. கடலில் இருப்பவனைக் கரையில் இருப்பவன் மறக்கவில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடகிழக்கு மூலையில், அபர்தீன் துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 40 மைல் தொலைவில், பிரேசர்பரோ என்றொரு ஊர் இருக்கிறது. எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக அபர்தீனில் சில நாள்கள் நின்றபோது, மாலுமிகளைக் கவனித்துக்கொள்ளும் கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர் என்னைத் தம் காரில் அங்கே அழைத்துப் போனார். 'கடலின் விண்மீன்' என்று நம் அன்னையின் பெயரைத் தாங்கி உலகத் துறைமுகங்களில் எல்லாம் பணிபுரிகிற அந்த அமைப்பு, அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1920-ம் ஆண்டு தோன்றியதுதான்.

பிரேசர்பரோவைக் கண்டதும் அந்நிய ஊராக எனக்குத் தோன்றவில்லை. காரணம், அது மீன்பிடிக்கிற ஊர். நம் சாளையைப் போன்ற ஹெர்ரிங் மீனால் ஒரு காலத்தில் செழித்த ஊர். வலையும் கயிறும், மீன் வாடையும், துறைமுகத்தில் நின்று வானத்தைப் பார்த்துப் பேசும் முதியவர்களும் அங்கும் உண்டு. நம்மைப் போலவே துயரமும் உண்டு. ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றச் சென்ற அவ்வூர் மீட்புப் படகு 1953-ல் கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள். 1970-ல் இன்னொரு மீட்புப் படகு கவிழ்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு தடவையும் உயிரோடு மீண்டவர் ஒரே ஒருவர். 2017-ம் ஆண்டு ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்து நின்ற நமக்கு, இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரின் கடல் முனையில் ஒரு பழைய கோட்டை. கின்னேர்ட் முனைக் கோட்டை என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் பிரேசர் குடும்பத்தார் கட்டியது. ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்களை அமைப்பதற்கென்று 1786-ல் ஒரு வாரியம் உருவானபோது, அது முதலாவதாக ஏற்றிய விளக்கு இந்தக் கோட்டையின் உச்சியில்தான் எரிந்தது. நாள்: 1787 டிசம்பர் 1. அந்த வாரியத்தின் குறிக்கோள் வாசகம் இலத்தீனில் உள்ளது: 'இன் ஸலூத்தெம் ஓம்னியும்'. எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் என்று பொருள். பழைய திருப்பலியின் இலத்தீனை இன்னும் மறவாத பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 'ஸாலுஸ்' என்றால் பாதுகாப்பு. மீட்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு.

அந்த முதல் விளக்கை அமைத்தவர் தாமஸ் ஸ்மித். எடின்பரோ நகரத்தில் விளக்குகள் செய்து விற்றவர். அவருடைய தந்தை ஒரு மீகாமன்; கடலில் மாண்டவர். கடல் தொழில் வேண்டாம் என்று கரைத் தொழிலுக்குப் போன மகன், கடலுக்காகவே விளக்கு ஏற்ற வந்தார். 17 விளக்குகளை மூன்று அடுக்காக வைத்தார். எரிந்தது திமிங்கில எண்ணெய். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால், சிறுசிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த கிண்ணம் போன்ற பிரதிபலிப்பான். நாலா பக்கமும் சிதறிப் போகும் ஒளியைத் திரட்டிக் கடலின் பக்கம் அனுப்புவது அதன் வேலை.

அன்பர்களே, இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. விளக்கை ஏற்றிவிட்டார்கள், அதைக் காக்க ஆள் வேண்டுமே? ஜேம்ஸ் பார்க் என்ற முன்னாள் கப்பல் தலைவரை நியமித்தார்கள். சம்பளம் இரவுக்கு ஒரு ஷில்லிங். ஒரு பசு மேய்வதற்குக் கொஞ்சம் புல்வெளி. அதோடு ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். ஒவ்வோர் இரவும் அவர் தம்முடன் இன்னொருவரை வைத்துக்கொள்ள வேண்டும். விளக்கைக் காக்கும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அன்று அந்த வாரியத்துக்கு இருந்தது ஒரே ஒரு விளக்கு. வேலைக்கு இருந்தது ஒரே ஒரு காவலர். ஆனாலும் முதல் இரவிலேயே அவர்கள் அடுத்த மனிதரைப் பற்றி எண்ணினார்கள். காவலர் நோயுற்றால் என்ன செய்வது, இறந்தால் என்ன செய்வது, அடுத்த விளக்கை ஏற்றும்போது யாரை அனுப்புவது என்று யோசித்தார்கள். தான் மட்டும் அறிந்திருப்பவனால் ஓர் இரவைக் காக்க முடியும். கற்றுக்கொடுப்பவன்தான் வரும் இரவுகளையும் காக்கிறான். ஜேம்ஸ் பார்க் சுமார் பத்து ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். 1789-ம் ஆண்டு முடிவதற்குள் ஸ்காட்லாந்தின் கரையிலும் தீவுகளிலும் மேலும் மூன்று விளக்குகள் எரிந்தன.

தாமஸ் ஸ்மித்தும் இதே விதியைத் தம் வீட்டில் கைக்கொண்டார். தாம் மணந்த கைம்பெண்ணின் மகனான ராபர்ட் ஸ்டீவன்சனுக்குத் தொழிலைக் கற்பித்தார். ராபர்ட் பின்னர் அவருடைய மருமகனும் ஆனார். ராபர்ட்டின் மக்கள், பேரர்கள், கொள்ளுப்பேரன் என்று அந்தக் குடும்பம் சுமார் ஒன்றரை நூற்றாண்டு காலம் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களைக் கட்டியது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அவருடைய பேரன்தான். அவர் ஒருவர் தொழில் மாறி எழுத்தாளர் ஆகிவிட்டார்!

ராபர்ட் ஸ்டீவன்சனின் பெரும் சாதனை பெல் ராக் எனும் 'மணிப் பாறை' விளக்கம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில், கரையிலிருந்து 11 மைல் தள்ளி இருக்கும் பாறை அது. வற்றத்தில் தலை தெரியும். ஏற்றத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீரில் மூழ்கிவிடும். பழங்காலத்தில் ஆர்பிரோத் மடத்தின் தலைவர் அந்தப் பாறையில் ஒரு மணியைக் கட்டி, அலை அசைக்கும்போது அது ஒலித்துக் கப்பல்களை எச்சரிக்கும்படி செய்தார் என்பது மரபுச் செய்தி. பெயரும் அதனால்தான்.

அந்தப் பாறையில் 1807-ல் வேலை தொடங்கியது. செப்டம்பர் 2-ம் நாள் ராபர்ட்டும் தொழிலாளரும் சேர்த்து 32 பேர் பாறைமேல் நின்றார்கள். அவர்களைக் கொண்டுவந்த கப்பல் நங்கூரம் விட்டுக் காற்றில் அடித்துச் செல்லப்பட்டது. கையில் இருந்தவை இரண்டு சிறு படகுகள். அத்தனை பேருக்கும் அவற்றில் இடமில்லை. தண்ணீர் ஏறுகிறது. குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் கூச்சலிடவில்லையாம், எல்லாரும் ராபர்ட்டின் முகத்தையே பார்த்தார்களாம். பேச முயன்றபோது அவர் நா வறண்டு சொல் எழவில்லை. பாறைக் குழியில் இருந்த உப்புநீரில் வாயை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, "படகு! படகு!" என்று ஒரு குரல் எழுந்தது. தற்செயலாகக் கடிதங்கள் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்பிங்க் என்ற படகோட்டி அவர்களை மீட்டார். நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 1811 பிப்ரவரி 1-ம் நாள் அங்கே விளக்கு எரிந்தது. அந்தக் கற்கோபுரம் இன்றும் அலையின் நடுவே நிற்கிறது.

அருங்காட்சியகத்தின் உள்ளே கண்ணைப் பறிப்பவை லென்சுகள். ஆள் உயரத்துக்கும் மேலே, கண்ணாடிப் பட்டைகளை வளையம் வளையமாக அடுக்கிய பெரிய தேன்கூடு போல நிற்கின்றன. இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிரெனெல். ஒரே கனத்த கண்ணாடியாகச் செய்யாமல், பட்டைகளாகப் பிரித்து அடுக்கினால் எடை குறையும். ஒளியும் வீணாகாமல் ஒரே கற்றையாகச் செல்லும் என்று அவர் காட்டினார். 1823-ல் கோர்துவான் என்ற பிரெஞ்சுக் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலாக ஒளி வீசியது. கடலின் நடுவே நிற்கும் அந்தக் கோபுரத்துக்குள் ஒரு சிற்றாலயமும் உண்டு என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். பிரெனெல் 1827-ல், 39-ம் வயதிலேயே இறந்துபோனார். அவர் ஏற்றிய ஒளி உலகக் கடல்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

இப்படிப்பட்ட பெரிய லென்சு பல டன் எடை இருக்கும். அதைச் சுழல விடுவதற்காகப் பாதரசத் தொட்டியில் மிதக்க வைத்தார்கள். விரலால் தள்ளினாலும் அசைந்து கொடுக்கும். சுழற்றுவதற்குக் கடிகாரம் போன்ற எந்திரம். அதன் எடைக்கல் இறங்கி முடிவதற்குள் மீண்டும் மீண்டும் சாவி கொடுத்து ஏற்ற வேண்டும். திமிங்கில எண்ணெய் போய்ப் பிற்காலத்தில் மண்ணெண்ணெய் ஆவி விளக்கு வந்தது. நம் திருவிழா ஊர்வலங்களில் தலையில் தூக்கிச் செல்வார்களே பெட்ரோமாக்ஸ், அதே முறைதான். ஒவ்வொரு விளக்கமும் இத்தனை விநாடிக்கு இத்தனை முறை மின்னும் என்று தனிக் கணக்கு உண்டு. அந்த மின்னலை எண்ணித்தான் மாலுமி தான் எந்த முனைக்கு எதிரே இருக்கிறான் என்று அறிவான்.

காவலர்களின் வாழ்க்கை எளிதன்று. இரவை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டு விழித்திருப்பார்கள். அடுத்தவர் மேலேறி வந்து பொறுப்பேற்கும் வரை விளக்கறையை விட்டு இறங்கக்கூடாது. காவலில் தூங்கினால் வேலை போய்விடும். பகலில் லென்சைத் துடைப்பது, பித்தளையைத் துலக்குவது, சுவருக்கு வெள்ளையடிப்பது. பகல் வெளிச்சத்தில் விளக்கறைக்குத் திரை போட்டு மூடுவார்கள். ஏன் தெரியுமா? கப்பலுக்கு வழிகாட்டும் அதே லென்சு, சூரியக் கதிரைத் திரட்டி அறையையே கொளுத்திவிடக் கூடும்.

உயிரைக் கொடுத்த காவலர்களும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, திறந்த அட்லாண்டிக் கடலில் பிளானன் தீவுகள் உள்ளன. 1900 டிசம்பரில் அங்கே மூன்று பேர் காவல் இருந்தார்கள். டக்கட், மார்ஷல், மக்கார்தர் என்பன அவர்கள் பெயர்கள். அம்மாதம் 15-ம் நாள் இரவு அவ்வழியே சென்ற கப்பல் விளக்கைக் காணவில்லை. 26-ம் நாள் மாற்றுக் காவலருடன் படகு போய்ச் சேர்ந்தபோது தீவில் ஒருவரும் இல்லை. மேற்குத் துறையைக் கடல் சிதைத்திருந்தது. அங்கே கட்டி வைத்திருந்த பொருள்களைப் பாதுகாக்கப் போனபோது பேரலை அவர்களை வாரிச் சென்றிருக்கும் என்று விசாரணை செய்த அதிகாரி முடிவு கட்டினார். அவர் எழுதி வைத்த குறிப்பில் என் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு: விளக்கு துடைத்து வைக்கப்பட்டிருந்தது, எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தது, அன்று மாலை ஏற்றுவதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. மக்களே, சாவு எப்போது வந்தாலும் நம் விளக்கும் அப்படி இருக்கட்டும்.

இந்தப் பணி திருச்சபைக்குப் புதிதன்று. அயர்லாந்தின் ஹூக் முனையில் துறவி துபான் என்பவர் ஐந்தாம் நூற்றாண்டிலேயே கப்பல்களுக்காக நெருப்பு மூட்டிக் காத்தார் என்பது அந்நாட்டு மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கற்கோபுரம் எழுந்தபோது அதன் முதல் காவலர்களும் அங்கிருந்த துறவிகளே. சுமார் 800 ஆண்டுகளாக அந்தக் கோபுரம் நிற்கிறது. இன்றும் ஒளி வீசுகிறது. செபமாலை உருட்டிய கைகளே விறகையும் அடுக்கின.

சரி, இன்று நிலைமை என்ன? ஸ்காட்லாந்தின் விளக்கங்கள் ஒவ்வொன்றாகத் தானியங்கியாக மாறின. 1988-ல் மணிப் பாறைக் காவலர்கள் இறங்கினார்கள். 1991-ல் கின்னேர்ட் முனையில் பழைய விளக்கை நிறுத்தி, பக்கத்திலேயே ஒரு சிறு தானியங்கி விளக்கை வைத்தார்கள். 1998 மார்ச் 31 அன்று பேர் தீவின் தென்முனை விளக்கத்தில் இருந்த கடைசிக் காவலர்களும் வெளியேறினார்கள். ஜேம்ஸ் பார்க் தொடங்கிய காவல் 210 ஆண்டுகளில் முடிந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விளக்கு இன்றும் எரிகிறது. கப்பல்கள் இன்றும் கரை சேர்கின்றன. ஆனால் அந்த ஊர் மக்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். காவலர்கள் விட்டுச் சென்ற நிலையிலேயே பழைய விளக்கறையைக் காப்பாற்றி, 1995-ல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். காவலர் ஏறிய படிகளில் நானும் ஏறினேன். அவர்கள் சாவி கொடுத்த எந்திரத்தைக் கண்டேன். ஊரிலுள்ள சிறுவர்களும் அங்கே ஏறி வருகிறார்கள். தங்கள் கடலைக் காத்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் கரையிலும் விளக்கம் உண்டு. முட்டம் விளக்கின் ஒளியைப் பார்த்துக் கரை பிடித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். அதற்கும் மேலாக நம்மிடம் கணியம் என்ற கலை இருந்தது. மலை முகடும் கோவில் கோபுரமும் ஒரு நேர்கோட்டில் வரவேண்டும். இன்னொரு திசையில் விளக்கக் கோபுரமும் ஒரு தென்னந்தோப்பும் நேர்கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் அடியிலே பார் இருக்கும், மீன் இருக்கும். கருவி ஏதும் இல்லாமல், எழுத்துப் படிக்காத நம் பாட்டன்மார் நடுக்கடலில் ஓர் இடத்தைத் தப்பாமல் கண்டுபிடித்தார்கள். இந்தக் கோவிலின் கோபுரம் வழிபாட்டுக்கு மட்டும் உயரவில்லை. கடலில் கணியம் பார்த்தவனுக்கு அது குறியாகவும் இருந்தது.

இன்று படகில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. நல்லதுதான்; நானும் எந்திரத்தோடு வாழ்ந்தவன், எந்திரத்தை வெறுப்பவன் அல்லன். ஆனால் எந்திரம் எதுவும் பழுதாகும் என்பதை எந்திரக்காரனைவிட அறிந்தவர் யார்? கணியம் அறிந்த பெரியவர்கள் இந்தப் பங்கில் இன்று எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்பவர் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கு விரலே வேண்டாம்.

ஆகவே விழாக் குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, பொன்விழா நினைவாக, பழைய பொருள்கள் போட்டு வைத்திருக்கும் ஓர் அறையை ஒழித்து நம் கடல் தொழிலுக்கு ஒரு சிறு காட்சியகம் அமைப்போம். பழைய மரத்தின் ஒரு துண்டு, பாய், துடுப்பு, கரைமடியின் ஒரு பாகம், தூண்டில், நம் பாட்டிமார் மீன் சுமந்த கடவம், இவை போதும். நம் வீடுகளின் மூலைகளிலேயே இவை கிடக்கின்றன. இன்னும் சில ஆண்டில் அடுப்புக்குப் போய்விடும். இரண்டாவது, ஒவ்வொரு பெரியவரும் அறிந்த கணியங்களை நம் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். பாரின் பெயர், பார்க்க வேண்டிய குறிகள், காற்றும் நீரோட்டமும், அதைச் சொன்னவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதிய பின், ஒரு நாள் அந்தப் பெரியவரோடு படகில் போய்க் கண்ணாலும் காணட்டும்.

தாய்மார்களே, செபம் சொல்லிக் கொடுப்பதும் இப்படித்தானே? மாலையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துச் சிலுவை போடக் கற்றுக்கொடுத்தீர்கள். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பங்கு நிற்பது அதனால்தான். உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு சிறுவன் நின்றான். அவன் இன்று உபதேசியாராக இருக்கிறான். பாடகர் குழுவும் அப்படியே. கடலிலும் அதே முறை தொடரட்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விளக்குக் காவலருக்கு விதித்த நிபந்தனையை இந்தப் பொன்விழா ஆண்டில் நாமும் ஏற்றுக்கொள்வோம்: ஒவ்வோர் இரவும் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், அவருக்குக் கற்றுக்கொடுப்போம். நூற்றாண்டு விழாவில் இந்த மேடையில் நிற்கப் போகிறவர் இன்று இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவர்களில் ஒருவர்தான். அவரிடம் ஏற்றிய விளக்கைத் தருவதா, வெறும் விளக்குத் தண்டைத் தருவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்.